மிச்ச டீச்சர்

உரக்கடைக்கு மேல்மாடியில் அவள் வகுப்பு.
காலை ஏழரைக்கு என் தலைக்கு மேல்
முப்பது நர்ஸ் பெண்கள் ஒரே குரலில்
தண்ணீர் கேட்பார்கள்:
மிஸு ஓ குதசாய்.
ஆனி மாதத்து மன்னார்குடியில்
யூரியா மூட்டை எண்ணிக்கொண்டே
நானும் உதட்டுக்குள் கேட்டுக்கொள்வேன்.

வந்த அன்று போலீஸ் படிவம் நிரப்பியவன் நான்தான்.
பாஸ்போர்ட் எண், வந்த நோக்கம், திரும்பும் தேதி.
மிட்சுஏ என்று மூன்று தடவை சொன்னாள்.
மூட்டை இறக்கும் வைரக்கண்ணு
நாலாவது தடவைக்குக் காத்திருக்கவில்லை:
"மிச்ச டீச்சர்."
மறுநாள் அகராதியோடு இறங்கி வந்தாள்.
"செலவு போக இருப்பது?"
ஆமாம் என்றேன், கணக்கு எழுதுகிறவனுக்கு அதுதானே தெரியும்.
"நல்ல பெயர்" என்று வைத்துக்கொண்டாள்.

கேஸ் இணைப்பு வர ஐந்து மாதம்.
அதுவரை பந்தலடி மெஸ்.
முதலில் குழம்பைத் திருப்பி அனுப்பினவள்
இப்போது வத்தக்குழம்பு இல்லாத நாட்களில்
மெஸ்காரரிடம் பேசுவதில்லை.
பஸ்ஸில் கேட்பார்கள், சம்பளம் எவ்வளவு?
கொஞ்சம்.
தமிழ் தெரியுமா? கொஞ்சம்.
கல்யாணம் ஆயிடுச்சா?
அதற்கும் கொஞ்சம்.

வகுப்பு முடியுமுன் படியிறங்கி
கழற்றிப்போட்ட செருப்புகளைத்
தெருவைப் பார்த்துத் திருப்பி அடுக்குவாள்.
முப்பது ஜோடி, புறப்படத் தயாராய்.
வைரக்கண்ணுவின் வாரறுந்த ஜோடியும் அதில் உண்டு.
"நான் எங்க போகப்போறேன்" என்பான்,
ஆனாலும் கால் நேராகப் போய் நுழைந்துவிடும்.

மேட்டூர் திறந்து இருபத்தாறு நாள்.
கடைமடைக்கு இன்னும் வரவில்லை, உரம் நகரவில்லை.
மேலே அவள் சொல்கிறாள்:
உங்க மொழியும் எங்க மொழியும் ஒண்ணு,
வினைச்சொல் கடைசியில.
அப்பா நேத்து ராத்திரி பஸ்ஸுல ஊருக்கு…
வந்தாரா, வரலையா, முடியுற வரைக்கும் தெரியாது.
காத்திருக்கணும்.
கீழே இடும்பாவனத்துக்காரர் என் எதிரில்:
"தண்ணி நம்ம வாய்க்கா தலப்புகிட்ட…"
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தேன்.
அவர் வினைச்சொல்லைச் சொல்லாமலே
டீயைக் குடித்து முடித்தார்.

வாய்க்கு அவர்கள் மொழியில் குச்சி.
'வாயைத் திறங்கள்' பாடத்தன்று மாடி முழுக்கச் சிரிப்பு.
அவள் சிரிக்கவில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைத் திருப்பிக் காட்டினாள்:
நீகாட்டாவில் முதியோர் இல்லம், அவள் அம்மா,
கரண்டியோடு ஒரு வியட்நாம் பெண்.
குச்சி என்றாள் அந்தப் பெண். அம்மா திறந்தார்.
"உச்சரிப்பு சுமார்" என்றாள் மிச்ச டீச்சர்.

ஜெனிட்டா, ரஹமத்நிஷா, வீரச்செல்வி போன ராத்திரி
திருச்சி வேன் கடை வாசலில் நின்றது.
அவள் குனிந்து குனிந்து விடைகொடுக்க
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள் தாய்மார்கள்.
வீரச்செல்வியின் அம்மாதான்
குனிந்த முகம் கைக்கு எட்டியதே என்று
கன்னம் வழித்து நெட்டி முறித்தாள்.
வேன் போனதும் படியடியில் ஒரு ஜோடி பழைய செருப்பு.
யாரோ புது ஷூவில் போய்விட்டார்கள்.
அதை மட்டும் உள்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்து
மாடியேறினாள்.

ஆடி மூணாம் தேதி விடியலில் போன்.
பின்னால் தவளைச் சத்தம், ஒரே ஒரு சொல்:
"வந்துட்டு."
எழுவாயே இல்லை.
படியேறிப் போய், புது முப்பது பேர் திரும்பிப் பார்க்க,
சொன்னேன்:
மிஸு கா கிமாஷ்தா.
அவள் சாக்கட்டியைக் கீழே வைக்கவில்லை.
"கா அல்ல. ஙா. மூக்கால்.
மறுபடி."